கடற்கொள்ளையரும் கள்ளத்தோணியும்

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்று ஏறும் அடியார்க்குச் சிவனொளிபாதமலை ஒரு வணக்கத்தலமாகும். கடலோடிகளுக்கோ அது பல நூற்றாண்டுகளாகக் கரை காட்டும் அடையாளமாக விளங்கிற்று. 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து இலங்கை நோக்கி வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா, அம்மலை புகைத்தூண் போல எழுந்து நின்றதைக் கடலில் இருந்தவாறே கண்டதாகக் குறிப்பிட்டுள்ளார். அவருடைய மரக்கலம் புத்தளக் கரையை அண்மியபோது மாலுமிகள் அஞ்சினர். அத்துறை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது, அவன் கொடியவன், கடலிற் கொள்ளையிடும் கப்பல்களை உடையவன் என்பது அவர்கள் கூற்று. ஆயின் கரையிறங்கிய பயணி கண்ட மன்னன் வேறு. பாரசீக மொழி அறிந்த அம்மன்னன் அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி உரையாடி, மலையேறி வருவதற்குப் பல்லக்கும் வழித்துணைவரும் உணவும் வழங்கினான். சில காலத்தின் பின் இந்தியாவின் மேற்குக் கரையோரமாகச் சென்றபோதே அப்பயணி உண்மையாகக் கொள்ளைக்கு ஆளானார். 12 போர்க்கலங்கள் அவருடைய கப்பலைச் சூழ்ந்துகொண்டன. இலங்கையிற் பெற்ற மணிகள் உட்பட யாவும் பறிபோயின. உடுத்திருந்த காற்சட்டை மாத்திரமே மிஞ்சிற்று.

கொள்ளையன் என்று பெயர் பெற்றவன் கொடுத்தான், பெயரறியாதோர் பறித்தனர். கடற்கொள்ளை பற்றிய ஆய்வுகள் யாவும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். கொள்ளை என்ற செயல் ஒன்று. கொள்ளையன் என்ற பெயர் மற்றொன்று. செயலைச் செய்தவர்க்கெல்லாம் பெயர் கிட்டுவதில்லை. பெயரைப் பெற்றவரெல்லாம் செயலைச் செய்தவருமல்லர். பெயரைச் சூட்டும் உரிமை யாரிடம் இருந்தது, எந்த அளவுகோலைக் கொண்டு அது சூட்டப்பட்டது என்ற வினாக்களுக்கு வரலாறு தரும் விடை ஒன்றே: கடலில் வலியவன் ஒரு சீட்டை எழுதினான், அச்சீட்டு இல்லாதவன் கள்வனானான்.

இது பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதன்று. மலையகத் தமிழ் மக்கள் மீது வீசப்பட்ட 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல்லும் இதே அளவுகோலிற் பிறந்ததேயாகும். அவ்வசைக்கு மறுமொழி கூறப் புகுந்த மலையகத்துப் படித்த வகுப்பினர் பலர், அந்த அளவுகோலையே தம் கையிலும் எடுத்துக்கொண்டனர். "மலையக மக்கள் கள்ளத்தோணியில் வந்தவரல்லர், வெள்ளையர் அழைக்க, சட்டப்படி, சீட்டுடன் வந்தவர்கள்" என்பதே மேடைகளிலும் ஏடுகளிலும் அவர்கள் திரும்பத் திரும்ப முன்வைக்கும் வாதம். அது உண்மைக்கு மாறானதன்று. ஆயினும் தவறான வாதம். ஏன் தவறானது என்பதை அறியச் சீட்டின் வரலாற்றைக் கடலிலிருந்தே தொடங்கிக் காணுதல் தகும்.

கடற்கொள்ளையர் எத்தகைய கலங்களிற் சென்றனர், எவ்வாறு தாக்கினர் என்பன முதலில் நோக்கற்பாலன. ஒற்றைக் கண்ணை மறைத்த தலைவனும் மண்டையோட்டுக் கொடியும் சிறுவர் கதைகளும் திரைப்படங்களும் பரப்பிய தோற்றங்களாகும். இந்து சமுத்திரத்துக் கொள்ளையரின் வலிமை தோற்றத்தில் இருக்கவில்லை. ஆழமற்ற நீரிலும் தண்டுவலிக்கும் தோள்களிலுமே அது இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளைக் கடந்த மார்க்கோ போலோ, மலையாளக் கரையிலிருந்தும் குசராத்திலிருந்தும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் கொள்ளைக்குப் புறப்பட்டமையைக் கூறுகிறார். இருபது முப்பது கலங்கள் ஒன்றுசேர்ந்து, ஒன்றுக்கொன்று ஐந்து மைல் இடைவெளியில் வரிசையாக நின்று, ஏறத்தாழ நூறு மைல் கடலை வலைபோல வளைத்துக்கொள்ளும். வணிகக் கப்பல் ஒன்று தென்பட்டதும் தீயினாலோ புகையினாலோ குறிகாட்டப்படும். யாவும் அங்கு விரையும். பொருளைப் பறித்தபின் வணிகரைக் கொல்லாது கரையில் விட்டு, மீண்டும் பொருளீட்டி வருமாறு வழியனுப்பினராம். அக்கலங்களில் அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் உடனிருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. கோடைகாலம் முழுவதும் குடும்பத்தோடு கடலில் வாழ்ந்த ஒரு கூட்டத்தையே உலகம் கொள்ளையர் என்று அறிந்துள்ளது.

பதினாறாம் நூற்றாண்டில் மாப்பிள்ளை முஸ்லிம் கடலோடிகள் செலுத்திய 'பறவு' என்ற கலமும் இவ்வகையினதே. நீண்டு ஒடுங்கிய உடல், இருபுறமும் தண்டுகள், காற்று வாய்த்தால் விரிக்கப் பாய். காயல்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் அது மறைந்து நிற்கும். காற்று ஓய்ந்து, போர்த்துக்கேயரின் பெருங்கப்பல் அசையாது கிடக்கும் வேளை பார்த்து, பல பறவுகள் ஒருங்கே வெளிப்பட்டு அதனைச் சூழும். பாயை நம்பிய கப்பல் திரும்ப இயலாது. அதன் பக்கங்களிற் பொருத்திய பீரங்கிகள், முன்னும் பின்னும் நெருங்கிவரும் சிறு கலங்களைத் தாக்க இயலாது. துரத்தப்பட்டாலோ பறவு மணற்றிட்டைத் தாண்டி ஆற்றினுள் ஓடிவிடும், பெருங்கப்பல் தரைதட்டும்.

கொங்கணக் கரையில் கானோஜி ஆங்கிரே அமைத்த மராட்டியக் கடற்படை இம்முறையை மேலும் வளர்த்தது. 'குராப்' எனப்பட்ட இரண்டு மூன்று பாய்மரக் கலங்கள் தம் முன்பக்கத்திற் பொருத்திய பீரங்கிகளுடன் எதிரிக் கப்பலின் பின்புறத்தை அணுகும். அப்பகுதியிலேயே எதிரியின் பீரங்கிகள் மிகக் குறைவு. பாய்மரங்கள் முறிந்ததும் 'கலிவத்' எனப்பட்ட சிறு கலங்கள் நாற்பது ஐம்பது தண்டுகளுடன் விரைந்து வந்து, வாளேந்திய வீரரைக் கப்பலின்மேல் ஏற்றிவிடும். காற்று இல்லாத நாளில் குராப்பைக் கயிறு கட்டி இழுத்து வருவதும் இக்கலிவத்துக்களே. பெருங்கப்பல் கட்டும் செல்வம் இல்லாதோர், காற்றையும் ஆழத்தையும் கரையையும் பற்றிய அறிவினால் அக்குறையை நிரப்பிய வரலாறு இது.

இனி, பெருங்கப்பலிற் சென்றோர் செய்தது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1502 ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா, மக்காவிலிருந்து யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கள்ளிக்கோட்டை நோக்கி வந்த கப்பலொன்றை மலையாளக் கரைக்கு அப்பால் மறித்தார். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அதில் இருந்தனர். மீட்புப்பணம் தருவதாக அவர்கள் மன்றாடியும், பொருளைப் பறித்தபின் கப்பலுக்குத் தீயிடப்பட்டது. மார்க்கோ போலோ கண்ட கொள்ளையர் வணிகரை உயிருடன் விட்டனர்; காமா யாத்திரிகரை எரித்தார். எனினும் பாடநூல்களில் காமாவின் பெயர் 'நாடுகாண் பயணி' என்ற தலைப்பின் கீழேயே இடம்பெற்று வந்துள்ளது.

அதே காலத்தில் வழக்குக்கு வந்தது 'கர்த்தாஸ்' என்ற கடற்சீட்டு. கப்பலின் பெயர், தலைவனின் பெயர், கொள்ளளவு, ஆயுதங்கள், சென்றடையும் துறை ஆகியன அதில் எழுதப்பட்டன. மிளகு முதலிய பண்டங்களை ஏற்றலாகாது. போர்த்துக்கேயக் கோட்டையுள்ள துறையைத் தொட்டுத் தீர்வை செலுத்தவேண்டும் என்பன நிபந்தனைகள். சீட்டின்றிச் சென்ற கப்பல் கைப்பற்றப்படும். பல நூற்றாண்டுகளாக அராபியரும் குசராத்தியரும் தமிழரும் மலாயரும் எவருடைய அனுமதியையும் வேண்டாது சென்றுவந்த கடல், ஒரே தலைமுறையில் போர்த்துக்கல் மன்னனின் தனிச்சொத்தாக எழுதப்பட்டது. நேற்று வரை வணிகனாக இருந்தவன் இன்று சட்டவிரோதி. அவன் எதிர்த்து நின்றால் கடற்கொள்ளையன்.

மரைக்காயர்களின் வரலாறு இம்மாற்றத்தின் வரலாறேயாகும். 1538 ஆம் ஆண்டு பட்டு மரைக்காயரும் குஞ்ஞாலி மரைக்காயரும் நடத்திய கப்பற்படை, கோட்டை மன்னன் புவனேகபாகுவை எதிர்த்த சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவ இலங்கை நோக்கி வந்தது. மண்டபத்தை அடுத்த வேதாளையில் அது கரையொதுங்கியிருந்தபோது, மார்ட்டிம் அபோன்சோ த சூசா அதனைத் தாக்கி அழித்தார். மன்னன் ஒருவனுக்குத் துணையாக மற்றொருவனை எதிர்க்கச் சென்ற படையைப் போர்த்துக்கேயர் கொள்ளைக் கூட்டம் என்றே குறித்தனர். நான்காம் குஞ்ஞாலியின் முடிவு இதனினும் கொடியது. 1600 ஆம் ஆண்டு கோட்டை வீழ்ந்தபின் சரணடைந்த அவர் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். அத்தலை உப்பிடப்பட்டுக் கண்ணூரிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. மரைக்காயர்களின் ஆட்கள் போரில் ஈடுபடாத வணிகரின் பொருளைப் பறித்ததே இல்லை என்று வாதிடுவது அறியாமை. ஆயின் அதே செயலைச் சீட்டு எழுதியவன் செய்தபோது அது ஏன் கொள்ளை எனப்படவில்லை என்று கேளாதிருப்பது அதனினும் பெரிய அறியாமை.

ஆங்கிரேயின் வழக்கு இன்னும் தெளிவானது. மராட்டிய அரசின் கடற்படைத் தலைவராகிய அவர், தம் கரையைக் கடக்கும் கப்பல்கள் தம்மிடம் சீட்டுப் பெறவேண்டும் என்றார். போர்த்துக்கேயர் செய்ததும், பின்னர் ஒல்லாந்தர் செய்ததும் அதுவே. ஆயினும் ஆங்கிலக் கம்பனி அச்சீட்டை ஏற்க மறுத்து அவரைக் கொள்ளையன் என்றது. ஐரோப்பியன் எழுதினால் சீட்டு. ஆசியன் எழுதினால் கொள்ளை. சீட்டின் புனிதம் எழுதப்பட்ட தாளில் இல்லை, எழுதியவனின் பீரங்கியில் இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

சீட்டு அதனை நம்பியவனையும் காக்கவில்லை என்பதற்கு வில்லியம் கிட் என்பவரின் கதை சான்று. கொள்ளையரைப் பிடிக்கவும் பகைநாட்டாராகிய பிரெஞ்சுக்காரரின் கப்பல்களைக் கைப்பற்றவும் ஆங்கில மன்னனின் ஆணைச்சீட்டுப் பெற்று, 1696 ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் நோக்கிப் புறப்பட்டவர் அவர். அவருடைய 'அட்வெஞ்சர் கலி' 34 பீரங்கிகளுடன், பாய்க்கும் தண்டுக்கும் ஒருங்கே ஏற்றவாறு கட்டப்பட்டது. கொள்ளை கிட்டாவிடின் கூலியும் இல்லை என்பதே மாலுமிகளோடு செய்த உடன்பாடு. பயணத்துக்குப் பணம் போட்ட பிரபுக்கள் இலாபத்திற் பங்குக்குக் காத்திருந்தனர். 1698 ஆம் ஆண்டு தொடக்கத்தில் மலையாளக் கரைக்கு அப்பால் 'கெடா மேர்ச்சன்ட்' என்ற கப்பலை அவர் கைப்பற்றினார். அது பிரெஞ்சுச் சீட்டுடன் சென்றது; ஆகவே தமக்கு உரியது என்பது அவர் வாதம். ஆயின் அக்கப்பலின் சரக்கில் முகலாய அவையைச் சேர்ந்தோர்க்கும் பங்கிருந்தது. 1695 ஆம் ஆண்டு ஹென்றி எவ்ரி என்பவன் 'கஞ்சி சவாய்' என்ற முகலாயப் பெருங்கப்பலைச் சூறையாடித் தப்பியமையினால், ஆங்கிலக் கம்பனி மீது ஒளரங்கசீப்பின் சினம் ஏலவே பாய்ந்திருந்தது. எனவே கிட் கைவிடப்பட்டார். அவர் ஒப்படைத்த பிரெஞ்சுச் சீட்டுகள் வழக்கு மன்றத்திற் காணாமற்போயின. 1701 ஆம் ஆண்டு அவர் தூக்கிலிடப்பட்டார். இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் அச்சீட்டுகள் அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தமை தெரியவந்தது. கிட் நல்லவரா தீயவரா என்பது ஈண்டுப் பொருளன்று. காகிதத்தை எழுதியவனே அதனைத் தொலைக்கவும் வல்லவன் என்பதே பொருள்.

இவ்வளவும் ஐரோப்பியரின் குற்றம் என்று கூறி அமைதல் தமிழறிஞர்க்கு எளிது. ஆயின் தமிழ் வரலாற்றெழுத்திலும் இதே இரட்டை அளவுகோல் உண்டு. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடையே இருந்த பகைவரை வென்று, அவர்தம் கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்தமையைப் பாடுகின்றது. பாட்டில் அவர்கள் பகைவரே. மேற்குக் கரையிற் கொள்ளையர் இருந்தனர் என்ற உரோம ஆசிரியர் பிளினியின் குறிப்போடு பொருத்தி, அவர்களைக் கடற்கொள்ளையர் ஆக்கியோர் பிற்கால அறிஞர்கள். மறுபுறம், ஏறத்தாழ 1025 ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து கடாரத்து அரசனைப் பிடித்து, அவனுடைய யானைகளையும் பொருட்குவையையும் அணிவாயில்களையும் கவர்ந்தமையை அவனது மெய்க்கீர்த்தியே பட்டியலிட்டுப் பெருமை பேசுகின்றது. இதனைக் கொள்ளை என்று எழுதிய தமிழர் எத்தனை பேர்? தோற்றவன் கொள்ளையன், வென்றவன் கடாரங்கொண்டான். மெய்க்கீர்த்தியும் ஒருவகைச் சீட்டேயாகும். ஒரு வேறுபாடு, அது செயலுக்குப் பின் எழுதப்படுவது.

அரசரின் கடற்பயணங்களை இவ்வாறு போற்றிய வரலாற்றெழுத்து, அதே கடலை ஏழைகள் கடந்ததைக் கடல்வரலாறாகவே கொள்ளவில்லை. 1820 களிற் கண்டி மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது முதல், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடும் வெளியுமாக மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டோர் பலர். மரைக்காயர் படை அழிந்த வேதாளைக்கு அண்மையிலேயே, பிற்காலத்தில் மண்டபம் முகாம் எழுந்தது. தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குட்பட்டு அனுப்பப்பட்டனர். 1914 ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. தோணியிலும் கப்பலிலும் சென்ற இம்மக்களே நுவரெலியாவையும் திக்கோயாவையும் பொகவந்தலாவையையும் தேயிலைக் காடாக்கினர். கடாரத்துக்குச் சென்ற படையினரைவிடப் பன்மடங்கு தொகையினர் கடந்த கடல் அது.

அவர்களையும் சீட்டு பின்தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறித்த தகரத்துண்டொன்று அவர்கள் கழுத்திற் கட்டப்பட்டது. கர்த்தாஸ் கப்பலின் பெயரையும் சென்றடையும் துறையையும் கூறியது போல, இத்துண்டு மனிதனின் எண்ணையும் சென்றடையும் தோட்டத்தையும் கூறிற்று. பயணச் செலவு இறுதியில் தொழிலாளியின் கடனாகவே வந்து விடிந்தது. தன்னைக் கட்டிய கயிற்றுக்குத் தானே விலை கொடுத்தான். மலையிலும் அவ்வாறே. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதாயின், பழைய தோட்டத்தின் 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்த்தாலன்றி அது கிட்டாது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, கடலிற் சீட்டின்றிச் சென்ற கப்பல் கொள்ளைக் கலமானது போல, மலையிற் சீட்டின்றிச் சென்ற தொழிலாளி ஓடிப்போனவன் ஆனான். இத்தகைய துண்டையே 'சட்டப்படி வந்தமைக்கு' ஆதாரமாக இன்று உயர்த்திப் பிடிப்பது, விலங்கைக் காட்டி விடுதலை கோருவதை ஒக்கும்.

அவ்வாதம் நடைமுறையிலும் பயன் தரவில்லை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராயினர். தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்கோ சான்று காட்டவேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்து லயத்தில் மாண்ட பாட்டனின் பிறப்பை எவர் பதிந்து வைத்தார்? அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் தொடர்ச்சியான வதிவுக்கு ஆவணம் கேட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. 1964 ஆம் ஆண்டளவில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. கிட்டின் சீட்டுகள் காணாமற்போன அதே வழியிலேயே மலையக மக்களின் சான்றுகளும் போயின. அழைத்து வந்தபோது எண்ணிட்டுக் கணக்கு வைத்தவர்கள், உரிமை கேட்டபோது கணக்கில்லை என்றனர்.

இச்சூழலிலேயே 'கள்ளத்தோணி' என்ற சொல் வலுப்பெற்றது. 1939 ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1949 ஆம் ஆண்டின் இறுதி முதல் இலங்கையின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பாக்கு நீரிணையை இரவிற் கடந்த தோணிகளே கள்ளத்தோணிகள். அவற்றைத் தடுக்க 1952 ஆம் ஆண்டு முதல் இராணுவம் கரையோரத்தில் ஈடுபடுத்தப்பட்டது. 1963 இல் அதற்கெனத் தனிப்படை அமைக்கப்பட்டது. ஆயின் வசைச்சொல் விழுந்ததோ கடலையே காணாத, நான்கு தலைமுறை தேயிலையிலேயே கழித்த மக்கள் மீது. ஆகவே அச்சொல் பயணத்தைக் குறிக்கவில்லை, சீட்டின்மையைக் குறித்தது. சட்டம் ஒருவனிடமிருந்து சீட்டைப் பறித்தது. பறித்தபின் அவனைக் கள்வன் என்றது.

இந்நிலையில், "யாம் கள்ளத்தோணியல்லேம்" என்று மறுப்போர் இரு தவறுகளைச் செய்கின்றனர். முதலாவது, கள்ளத்தோணி என்ற ஒரு இழிந்த மனித இனம் உண்டு, அது வேறெங்கோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்கின்றனர். இரவில் தோணியேறி வந்தவனும் பசியினாலேயே வந்தான். அவனுடைய பாட்டன் அதே நீரிணையைச் சீட்டின்றிக் கடந்தபோது எவரும் அவனைக் கள்வன் என்றிலர். இரண்டாவது, உரிமையின் ஊற்று உழைப்பன்று, அழைத்து வந்தவனின் கையொப்பமே என்று ஒப்புக்கொள்கின்றனர். கையொப்பமிட்டவன் 1948 இல் கப்பலேறிப் போய்விட்டான். அவன் கையொப்பத்தை நம்பிய வாதமும் அவனோடு போயிற்று.

சீட்டு ஒழுங்காக இருந்தபோதும் கொள்ளை நிகழ்ந்தமைக்கு மிகப் பெரிய சான்று 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் எழுதப்பட்ட ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தமாகும். நாடற்றோர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணக்கிடப்பட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் முடிவு செய்யப்படும். 1974 இல் அவ்வெச்சமும் இரு சம பாதியாகப் பகிரப்பட்டது. கொள்ளைப் பொருளைப் பங்கிடும் கப்பல் தளத்தில் வழங்கும் கணக்கும் இதுவே. பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. இலட்சக்கணக்கானோர் கடவுச்சீட்டுப் பெற்று, தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' முதலிய கப்பல்களில், முற்றிலும் சட்டப்படி, தாம் அறியாத நாட்டுக்கு ஏற்றப்பட்டனர். 1984 இல் அக்கப்பற் சேவை நின்றது. கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர் கள்ளத்தோணியில் வந்ததில்லை. ஆயின் நல்ல கப்பலில், நல்ல சீட்டுடன், சொந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர். இங்கே கள்ளம் எந்தக் கலத்தில் இருந்தது?

சீட்டை மறுப்பின் ஒழுங்கு குலையாதா, கொள்ளையையும் நியாயப்படுத்த நேராதா என்று சிலர் வினவுவர். நேராது. இபின் பத்தூத்தாவைப் பறித்தவர் செய்தது கொள்ளையே; அதற்குச் சீட்டுப் பார்க்க வேண்டியதில்லை, பறிபோனதைப் பார்த்தாற் போதும். அதே கண்ணால் 1502 ஆம் ஆண்டுக் கப்பலையும், கடாரத்து வாயில்களையும், 1964 ஆம் ஆண்டுப் பங்கீட்டையும் பார்க்கவேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது. நீதிமன்றில் ஆவணம் காட்டவேண்டிய இடத்திற் காட்டுக. ஆயின் வரலாற்றின் முன் காட்டவேண்டியது ஆவணமன்று. செய்யப்பட்டது யாது, எவர் உழைத்தார், எவர் பறித்தார் என்பதே.

1988 ஆம் ஆண்டினதும் 2003 ஆம் ஆண்டினதும் சட்டங்களினால் நாடற்றோர் நிலை சட்ட ஏட்டில் முடிவுக்கு வந்தது. ஆயின் அதனோடு வழக்கு முடிந்ததாகக் கருதி, சீட்டு வாதத்தை வெற்றி வாதமாகக் கொண்டாடுதல் தகாது. எழுதித் தந்த கை மீண்டும் அழிக்கவும் கூடும் என்பதற்கு 1948 சான்று. அழிக்க இயலாத ஆதாரம் ஒன்றுண்டு. அது அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே மலைமலையாக நிரை நிரையாக நிற்கின்றது; ஒவ்வொரு நிரையும் ஒரு கை நட்டது, ஒவ்வொரு கொழுந்தும் ஒரு கை பறித்தது. தோணியேறிய துறைகளும், மாண்டோர் வீழ்ந்த வடபாதையும், மண்டபம் முகாமும் தமிழரின் கடல்வரலாற்றில் எழுதப்படல் வேண்டும். அவ்வரலாற்றை எழுதப் புகுவோர் கடற்கொள்ளையன், கள்ளத்தோணி என்ற இரு சொற்களையும் கையாளுமுன், சீட்டை எழுதியவன் எவன் என்று முதலிற் கேட்பாராக.